இறங்கிப் பார்க்க வேண்டிய கரை

பொது ஆண்டு 949. தக்கோலத்தில் சோழப் படையும் இராஷ்டிரகூடப் படையும் மோதின. யானை மேல் இருந்து போரிட்ட சோழ இளவரசன் இராஜாதித்தன் அங்கேயே மாண்டான். அவனுக்கு உற்ற நண்பனாக இருந்தவன் வல்லபன், கேரளத்திலிருந்து வந்த வீரன். இளவரசன் விழுந்த நேரத்தில் அவன் களத்தில் இல்லை. ‘உடன் சாகக் கொடுத்து வைக்காதவன் இனி வாழ்ந்து என்ன’ என்ற துயரம் அவனைக் கங்கைக்கு விரட்டியது. நீராடித் திரும்பியவன் திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றான். வாளைத் தொட்ட கை திருநீற்றைத் தொட்டது. சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அவ்வூர் மடத்தின் தலைவரானார்.

இந்த வரலாற்றை அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதில் குறித்திருக்கும் ஆட்சியாண்டு சோழனுடையது அல்ல, இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடையது. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும் அதே மன்னன்தான். நண்பனைக் கொன்ற படையின் அரசன் எவனோ, அவனுடைய காலக்கணக்கில் அந்த நண்பனுக்காக அழுதவரின் கதை பதிவாகியிருக்கிறது. தொண்டை மண்டலம் அப்போது கைமாறியிருந்தது. ஊரும் கோயிலும் மடமும் அப்படியே இருந்தன.

அந்தக் கோயிலுக்குச் சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் போக அரை மணி நேரம்கூட ஆகாது. ‘திருவொற்றியூர் தேரடி’ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஆனாலும் சென்னைக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்கு நோக்கியே போகிறார்கள். வடக்கே ஏதாவது இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்களைக் கேட்டதும் கன்டெய்னர் லாரி, புகைபோக்கி, சினிமாவில் வரும் அரிவாள் இவைதான் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கரையை ஊர் பார்க்க வருகிறவரின் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் படம் கலைந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கல்லில் ஒரு வளைவு

தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் நேரே சன்னிதிக்குப் போய் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கருவறையை வெளிப்புறமாக ஒரு சுற்று மெதுவாக நடந்து வாருங்கள். பின்பக்கம் வந்ததும் சுவர் மூலை திரும்பாது, அரைவட்டமாக வளையும். இதைத்தான் தூங்கானை மாடம் என்பார்கள். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற அமைப்பு. தொண்டை மண்டலத்தில் இதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. ஆனால் இது முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. சதுரானன பண்டிதர் என்ற பட்டத்தோடு அப்போது மடத்தில் இருந்தவர் கேட்டுக்கொள்ள, இரவி என்கிற வீரசோழத் தச்சன் இதைக் கட்டினான் என்று கல்வெட்டு பேசுகிறது. அவ்வளவு பழைய கட்டடத்தைக் கட்டியவனின் பெயர் நமக்குக் கிடைப்பது அபூர்வம். தஞ்சைப் பெரிய கோயிலின் குஞ்சரமல்லன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் தமிழர்கள் இரவியின் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வளைவில் கல்லோடு கல் பொருந்தியிருக்கும் நேர்த்தியைக் கையால் தடவிப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

உள்ளே இருப்பது புற்று வடிவான மூலவர். ஆண்டு முழுக்கக் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் வடசென்னையே இந்த வாசலில்தான் நிற்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாளில் வரலாம். கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாளை விடக்கூடாது.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சுந்தரருக்கு இந்த ஊர் அதற்கும் மேல். இங்கேதான் சங்கிலி நாச்சியாரை மணந்தார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்று நிலை. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்கு அது நடக்கிற காரியமா? ‘நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீ மகிழமரத்தடிக்குப் போய்விடு’ என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவனோ சங்கிலியின் கனவில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் சத்தியத்துக்கு அழைத்தபோது, ‘கோயிலுக்குள் வேண்டாம், மகிழமரத்தடியில் செய்யுங்கள்’ என்றாள் அவள். மாட்டிக்கொண்ட சுந்தரர் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து, ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் இரண்டும் போயின.

தம்பிரான் தோழர் என்று பெயர் எடுத்தவருக்கே இங்கே சலுகை இல்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குத் தண்டனை கிடைத்தது, அதைக் கொடுத்ததும் அவருடைய தோழனேதான். பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. மாசி பிரம்மோற்சவத்தில் நடக்கும் மகிழடி சேவையை ஊர்ப் பெண்கள் கூடி நின்று பார்ப்பதைக் கவனித்தால், சங்கிலியின் பக்கம்தான் ஊர் நிற்கிறது என்று தெரியும். அந்த மகிழமரம் இருக்கும் இடத்தைக் கோயிலுக்குள் கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

அறுபத்து மூவரில் கலிய நாயனார் இந்த ஊர்க்காரர். எண்ணெய் ஆட்டும் குலத்தில் பிறந்து, கோயில் முழுக்க விளக்கு எரித்தவர். செல்வம் கரைந்தது. கூலிக்குச் செக்காட்டியும் எண்ணெய் வாங்க முடியாமல் போனபோது, தன் ரத்தத்தையே விளக்கில் ஊற்றத் துணிந்தார் என்பது கதை. சுற்றிலும் தொழிற்சாலை எழுந்த ஊரின் ஆதிப் பெருமகன் ஓர் எண்ணெய்த் தொழிலாளி என்பதை நினைத்துக்கொண்டே விளக்கைப் பாருங்கள்.

இலக்கணம் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஒரு மண்டபம் இங்கே இருந்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. வியாகரணதான மண்டபம் என்று பெயர். பாணினிக்கு இறைவனே இலக்கணம் உபதேசித்த இடம் என்ற நம்பிக்கையோடு அது நடந்திருக்கிறது. பாட்டும் இங்கே குறைவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆரபியில் ஆதிபுரீஸ்வரரைப் பாடினார். திருவையாற்றுத் தியாகராஜர், சீடர் வீணை குப்பையர் அழைத்து இங்கே வந்தபோது அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கச்சேரி மேடைகளில் அதைத் திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்பார்கள். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வாழ்ந்த இளம் இராமலிங்கர், பின்னாளில் வள்ளலார், அங்கிருந்து இங்கே நடந்தே வந்து போவார். வடிவுடை மாணிக்க மாலை அப்படிப் பிறந்தது. ஒரு நாள் வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு, அம்மனே அண்ணி வடிவில் வந்து சோறிட்டாள் என்று இன்றும் சொல்கிறார்கள். ஏழுகிணற்றிலிருந்து தேரடி வரை அந்த வழியை ஒரு விடியற்காலையில் நடந்து பார்க்கலாம். இசைக்கும் சன்மார்க்கத்துக்கும் ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னையில் இதைவிட நல்ல நடை கிடையாது.

பிராகாரத்தில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 லிங்கங்கள். அவரவர் நட்சத்திரத்தைத் தேடிக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். வட்டப்பாறை அம்மன் சன்னிதியில் கண்ணகியின் கோபம் தணிந்த கதையைச் சொல்வோர் உண்டு. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால், காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கப் பெண்கள் கிளம்புவார்கள். வேன் வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, பஸ் மாறிப் போகிறவர்களும் உண்டு. இது ஊர் மக்களே வகுத்துக்கொண்ட சுற்றுலா. எந்தத் துறையும் வகுத்துக் கொடுத்ததல்ல.

கடல் எடுத்ததும் கொடுத்ததும்

கோயிலிலிருந்து கிழக்கே கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு திரிந்தவர், கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே தன் முடிவு என்று அலைந்தார். அது இனித்தது இங்கே. மீனவச் சிறுவர்களோடு மணலில் மூடி விளையாடும் விளையாட்டில், கூடையைத் திறந்தபோது அவர் இல்லை, லிங்கம் இருந்தது என்பது கதை. கப்பல் வணிகர் ஒருவர் தன் முடிவுக்குக் கடற்கரையையே தேர்ந்தெடுத்தார் என்பது யோசிக்க வைக்கிறது.

அவர் விளையாடிய மணல் இன்று இல்லை. கரையோரம் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881-இல் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தைத் திருத்தி வாசலை வடகிழக்குக்கு மாற்றினார். அந்தச் சுவரில் மோதி நின்ற மணல்தான் தெற்கே சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா ஆனது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடலோ எடுப்பதை நிறுத்தவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் கோயில்களும் அலைக்குப் போயின. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே காற்று வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது வடக்கே உள்ள குப்பங்களுக்கு வந்திருக்க வேண்டிய மணலில். இதை நான் மனத்தாங்கலோடு சொல்கிறேன். சொல்லாமல் இந்தக் கரையைக் காட்ட எனக்குத் தெரியாது.

திருவொற்றியூர் 1708-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஐந்து கிராமங்களில் ஒன்று. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு மற்ற நான்கு. அதற்குப் பத்தாண்டு கழித்து கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய குடியிருப்புதான் இன்றைய காலாடிப்பேட்டை. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் அந்தக் காலத்தது. மெட்ரோவில் தேரடிக்கு முந்தின நிலையம். பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

இருபதாம் நூற்றாண்டு இந்த ஊருக்கு வேறு முகம் கொடுத்தது. 1946-இல் இங்கே ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்கு பலூன் செய்து விற்கத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டயர். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா வந்தது. உலகெங்கும் பேர் பெற்ற புல்லட்டின் இந்திய வாழ்க்கை திருவொற்றியூர் ஆலையில் ஆரம்பித்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், விம்கோ நகரில் தீப்பெட்டி ஆலை. ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரம் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இலங்கையிலும் பர்மாவிலும் இருந்து வந்தவர்களும் இந்த ஆலைகளை நம்பிக் குடியேறினார்கள். எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த அத்தோவைச் சாப்பிடாமல் வடசென்னை பார்த்ததாகக் கணக்கில்லை. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், பேஜோ என்ற மொறுமொறுப்பு எல்லாம் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள்.

ராயபுரம்

இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது எது என்று கேட்டால் மும்பை, ஹௌரா என்றுதான் பதில் வரும். அங்கே ரயில் முதலில் ஓடியது உண்மை. ஆனால் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் இருக்கிறது. கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில், 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது 1873-இல். அதுவரை சென்னைக்கு ரயில் என்றால் ராயபுரம்தான்.

செம்மண் நிறச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாகக் கட்டடம் அழகாகவே இருக்கிறது. 2005-இல் பழுது பார்த்தார்கள். தூண்களின் உச்சியில் சுருண்டு விரியும் இலைகளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கொரிந்தியப் பாணி என்பார்கள். கிரேக்கத்து இலையைச் சுண்ணாம்பில் வடித்தது நம் ஊர்க் கொத்தனார்கள். இந்தக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, முதல் ரயில் கிளம்பிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நூற்று அறுபது ஆண்டைக் கடந்த நிலையத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பார்ஸிகளின் அக்னி ஆலயம். குடகு வழியாக 1795-இல் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கியது அந்தச் சிறு சமூகம். ஆனால் வழிபட ஓர் ஆலயம் அமைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மகன் ஜாலை இழந்த பிரோஜ் கிளப்வாலா அவன் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். 1910-இல் ஏற்றிய நெருப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். மற்றவர்கள் உள்ளே போகக்கூடாது என்பது அவர்கள் மரபு. வெளியே நின்று பார்த்துவிட்டு மரியாதையோடு நகர வேண்டும். நுழைய முடியாத இடத்தைப் பார்க்கப் போவானேன் என்று கேட்பார்கள். மசூதி, மாதாகோவில், அம்மன் கோயில், அக்னி ஆலயம் எல்லாம் ஒரே பேட்டைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒன்றையொன்று முறைக்காமல் நூறாண்டு கழிந்திருக்கிறது. அதைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

புனித ராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலையில் மோதினால் ஆணி அடித்த படகு உடையும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐரோப்பியக் கவர்னரும் அவருடைய மேஜை நாற்காலியும் அந்தப் படகுகளில், நம் படகோட்டிகளின் தோள் பலத்தில்தான் சென்னை மண்ணைத் தொட்டார்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து அவர்கள் எழுப்பியது இந்தக் கோவில். உள்ளே போய் உட்கார்ந்தால் கடற்காற்று வரும்.

தமிழக அரசியல் பிறந்த இடங்களில் ஒன்றும் இங்கே உண்டு. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் ராபின்சன் பூங்காவில் கூடிய கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கத்தை அண்ணா அறிவித்தார். இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. பதினெட்டு ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்த கட்சியின் முதல் மேடை. கட்சிக் கொடி எதுவானாலும் பார்க்க வேண்டிய புல்வெளி.

காசிமேடும் மார்சஷ்லோக்கும்

மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. 316 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சியின் பரப்பு அதைவிடப் பெரியது. ஆண்டு முழுக்க உலகம் அங்கே குவிகிறது. பிரமிடுகளுக்கும் முந்திய கற்கோயில்கள், பாறையைக் குடைந்த ஹைப்போஜியம் என்ற நிலத்தடிக் கல்லறை, 1565-இல் துருக்கியர் முற்றுகைக்குப் பின் தீவை ஆண்ட மாவீரர் சங்கத்தார் எழுப்பிய வாலெட்டா நகரம். ஹைப்போஜியத்துக்குள் ஒரு நாளைக்கு 80 பேரை மட்டுமே விடுகிறார்கள். மூச்சுக்காற்று பட்டால்கூட உள்ளே இருக்கும் செங்காவி ஓவியம் கெடும் என்ற அக்கறை.

அதே தீவில் மார்சஷ்லோக் என்ற மீனவ ஊர். நீலம், மஞ்சள், சிவப்பு அடித்த படகுகள், அணியத்தில் இரண்டு கண் வரைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை. அந்தக் குடாவிலேயே ஒரு பக்கம் மின் நிலையம், மறுபக்கம் கன்டெய்னர் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள். அதற்காக மார்சஷ்லோக்கை யாரும் சுற்றுலாப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. கிரேன் பின்னணியில் இருக்கவே படகைப் படம் எடுக்கிறார்கள்.

காசிமேட்டில் இதில் எது இல்லை? விசைப்படகு, ஃபைபர் படகு, துறைமுகத்து கிரேன், கடலைப் பார்த்த மாதாகோவில் எல்லாம் இருக்கின்றன. ஞாயிறு விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். இருட்டிலேயே ஏலம் களைகட்டிவிடும். வஞ்சிரம் ஆள் உயரத்துக்கு நீண்டு கிடக்கும். சங்கரா, பாறை, வவ்வால், கடம்பா, இறால் என்று கூடை கூடையாகக் கவிழ்ப்பார்கள். ஐஸ் உடைக்கும் சத்தத்தில் விலை சொல்வது காதில் விழாது, விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தயங்கி நின்றால் கடைக்கார அம்மா விடமாட்டார். “இன்னா நைனா தூரமா நிக்கற, கிட்ட வா. செவுளத் தூக்கிப் பாரு, கண்ணப் பாரு. ராவுல புடிச்சது.” செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, கண் பிதுங்கித் தெளிவாக இருக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று மூன்று பார்வையில் மீனை எடைபோடக் கற்றுக் கொடுத்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் கரையில் வலை தைப்பதையும் படகைப் பழுது பார்ப்பதையும் நிதானமாகப் பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். தூக்குக் கூடையோடு வருகிறவருக்கு முதலில் வழி விடுங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு முன் கேளுங்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

முகத்துவாரம்

எண்ணூர் பார்க்க வேண்டிய இடமா என்று என்னிடம் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான் என்பேன். வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்குப் படகு விட வந்த ஊர் அது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரம், பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே பழவேற்காடு வரை நீளும் நீர்ப்பரப்பு, இவற்றுக்கும் கடலுக்கும் நடுவே காட்டுப்பள்ளித் தீவு. தீவு பார்க்க மத்தியதரைக் கடலுக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தத் தீவில் இன்று இருப்பவை துறைமுகங்களும் மின் நிலையமும். அங்கிருந்த குப்பங்கள் இடம்பெயர்ந்தன.

முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் காலையில் போனால், இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். வாயில் கவ்விய கூடையில் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். எந்தச் சேற்றில் எந்த இறால் என்று அவர்களுடைய பாதத்துக்குத் தெரியும். யாருக்கு எந்த நாளில் எந்த இடத்தில் வலை என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ முறையும் இந்த நீரில் வாழ்கிறது. எவரும் பட்டினி கிடக்கக்கூடாது என்று முன்னோர் போட்ட ஏற்பாடு. எந்த அருங்காட்சியகத்திலும் வைக்க முடியாத பண்பாட்டுச் செல்வம் இது.

அந்த நீரின் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையின் கசடை வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி கழிமுகத்துக்குள் வந்தது. கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. வலையும் படகும் வீணாயின. டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூரைக் கர்நாடக இசைக்குள் கொண்டு வந்ததும் 2017-இல்தான். வடிவுடையம்மனைப் பாடிய இசை, அதே கரையின் புறம்போக்கையும் பாடியதில் எனக்கு நிறைவு உண்டு. மால்டாவின் 80 பேர் கணக்கை நான் சொன்னது இதற்காகவும்தான். அங்கே ஓவியத்தைக் காக்க மூச்சைக்கூட அளக்கிறார்கள். இந்தக் கழிமுகத்துக்கு அந்த அக்கறையில் ஒரு பங்காவது கேட்பது அதிகமில்லை. பார்க்க வருகிறவர்கள் பெருகினால் கேட்கிற குரலும் பெருகும்.

எப்படிப் போவது?

ஞாயிறு விடியலில் காசிமேட்டில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் ராயபுரம் நிலையம், ராயப்பர் ஆலயம், அக்னி ஆலயத் தெரு, அண்ணா பூங்கா நான்கையும் நடந்தே முடித்துவிடலாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் காலாடிப்பேட்டை, அடுத்தது தேரடி. கோயில் உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்திவிடும், எனவே காலையிலேயே சேர்ந்துவிட வேண்டும். முடியாதவர்கள் மாலையில் கோயிலை வைத்துக்கொண்டு, மதியம் முகத்துவாரம் போய் வரலாம். வெள்ளி, பௌர்ணமி நாட்களில் கோயிலில் நிதானமாகக் கல்வெட்டு பார்க்க முடியாது. தூங்கானை மாடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாதாரண நாளில் போக வேண்டும். எண்ணூர் சாலையில் லாரிகள் ஓயாது போகும். இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்கள் கவனமாக இருங்கள். முடிந்தால் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் எண்ணூர் போய் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

பழவேற்காட்டை இதே நாளில் சேர்க்க வேண்டாம். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும், எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் வாசலில் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும், ஏரியும் தனியாக ஒரு நாள் கேட்கும். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ்.